பதுவைப் புனித அந்தோனியார்: மறையுரையாளர் கோடி அற்புதர் ஆன வரலாறு

இத்தாலியின் பதுவை நகரத்தார் தங்கள் ஊரின் பெரிய பேராலயத்தை முழுப்பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘புனிதர்’ என்று மட்டும் சொல்வார்கள். எந்தப் புனிதர் என்று அங்கே எவரும் திருப்பிக் கேட்பதில்லை. அந்தப் புனிதரோ பதுவையில் பிறந்தவரும் அல்லர், அங்கே நெடுங்காலம் வாழ்ந்தவரும் அல்லர். லிஸ்பனில் பிறந்து, கொயிம்பிராவில் கற்று, மொரோக்கோவில் நோயில் விழுந்து, சிசிலியில் கரையொதுங்கி, தெற்கு பிரான்சிலும் வடக்கு இத்தாலியிலும் ஊர் ஊராகப் போதித்துத் திரிந்த அவர், பதுவையில் கழித்த நாட்களை எல்லாம் கூட்டினாலும் சில ஆண்டுகளைத் தாண்டாது. அசிசியின் பிரான்சிஸ் தொடங்கிய பிரான்சிஸ்கன் சபையின் சகோதரராக அவர் வாழ்ந்ததே மொத்தம் 11 ஆண்டுகள்தான். இன்று தூத்துக்குடிக் கரையிலிருந்து பிரேசில் வரை காணாமற்போன பொருளுக்கும், தள்ளிப்போகும் திருமணத்துக்கும், தீராத நோய்க்கும் மக்கள் முறையிடும் ‘கோடி அற்புதர்’ அவரே. ஆனால் அவரை நேரில் அறிந்தவர்களின் நினைவை ஒட்டி எழுதப்பட்ட முதல் வரலாற்றில் நாம் காண்பது வேறொரு மனிதர்: நிறையப் படித்தவர், நன்றாகப் பேசியவர், கடன்காரர்களுக்காக நகராட்சியிடம் வாதாடியவர். முன்னவருக்கும் பின்னவருக்கும் இடையிலுள்ள தூரம் எப்படி உண்டாயிற்று என்பதைத் தேடினால், மத்திய காலத்தில் ஒரு புனிதர் எவ்வாறு உருவானார் என்பதும் ஓரளவு விளங்கும்.

அவருடைய இயற்பெயர் பெர்னாண்டோ. 1195ஆம் ஆண்டை ஒட்டி, லிஸ்பன் தலைமைக் கோவிலுக்கு அருகே இருந்த வசதியான குடும்பமொன்றில் பிறந்தார். இளம் வயதிலேயே நகருக்கு வெளியே இருந்த புனித வின்சென்ட் மடத்தில் அகுஸ்தீனார் சபையினரோடு சேர்ந்தார். நண்பர்களும் உறவினரும் ஓயாமல் பார்க்க வந்துகொண்டிருந்ததால் அமைதி கிடைக்கவில்லை என்று, சுமார் இரண்டு ஆண்டுகளில் கொயிம்பிராவின் திருச்சிலுவை மடத்துக்கு மாற்றம் கேட்டுப் போனார். கொயிம்பிரா அன்றைய போர்த்துக்கல்லின் அரச நகரம்; அந்த மடத்தில் நல்ல நூலகமும் தேர்ந்த ஆசிரியர்களும் இருந்தனர். பிற்காலத்தில் அவருடைய மறையுரைகளில் மறைநூல் மேற்கோள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டுவதற்கும், திருச்சபைத் தந்தையரின் எழுத்துகளோடு விலங்கு, தாவரம், கல் ஆகியவற்றைப் பற்றிய அக்கால இயற்கை நூல்களின் செய்திகளும் கலந்து வருவதற்கும் காரணம் அந்த மடத்தில் கிடைத்த படிப்பே. அந்தோனியாரை எளிய, படிப்பறியாத துறவியாக நினைப்பவர்கள் இந்தக் கட்டத்தை மறந்துவிடுகிறார்கள்.

1220இல் அவருடைய பாதை திசைமாறியது. அசிசியின் பிரான்சிஸ் அனுப்பிய ஐந்து சகோதரர்கள் மொரோக்கோவின் மராக்கேஷ் நகரில் போதிக்க முயன்று, அவ்வாண்டு ஜனவரியில் கொல்லப்பட்டார்கள். அவர்களின் உடல்கள் கொயிம்பிராவுக்குக் கொண்டுவரப்பட்டு, பெர்னாண்டோ இருந்த அதே திருச்சிலுவை மடத்தில் வைக்கப்பட்டன. அவர்களைப் போலத் தாமும் மறைசாட்சியாக இறக்க வேண்டும் என்ற ஆவல் அவரைப் பற்றிக்கொண்டது. நகருக்கு வெளியே ஒலிவத் தோப்பொன்றில் பிரான்சிஸ்கன் சகோதரர்கள் சிலர் குடிசை போன்ற ஒரு மடத்தில் தங்கி, திருச்சிலுவை மடத்து வாசலில் வந்து பிச்சை எடுத்துச் செல்வது வழக்கம். கற்றோர் நிறைந்த, நிலமும் வருவாயும் உடைய தம் சபையை விட்டுவிட்டு, தம் வாசலுக்கு இரக்க வந்தவர்களோடு அவர் போய்ச் சேர்ந்தார். அந்தச் சிறு மடத்தின் பாதுகாவல் புனிதர் எகிப்தின் பாலைவனத் துறவியான பழைய அந்தோனியார். அவர் பெயரையே பெர்னாண்டோ தமக்குச் சூட்டிக்கொண்டார். தமிழகக் கத்தோலிக்கர் ‘வனத்து அந்தோனியார்’ என்று ஜனவரி 17இல் விழா எடுப்பது அந்த எகிப்தியருக்கு. ஜூன் 13இல் விழா எடுப்பது பதுவையாருக்கு. ஊர்க் கோவில்களில் இருவரையும் ஒருவராகவே எண்ணி வேண்டிக்கொள்வோரும் உண்டு. பெயர் வந்த வழியைப் பார்த்தால் அது பெரிய பிழையாகத் தோன்றுவதில்லை.

மொரோக்கோ சென்றவருக்கு மறைசாட்சியம் வாய்க்கவில்லை, காய்ச்சல்தான் வாய்த்தது. குளிர்காலம் முழுவதும் படுக்கையில் கிடந்துவிட்டு ஊர் திரும்பக் கப்பலேறினார். புயல் அக்கப்பலைச் சிசிலித் தீவுக்குத் தள்ளிச் சென்றது. அங்கிருந்து 1221 பெந்தகோஸ்து நாளையொட்டி அசிசியில் கூடிய சபைப் பேரவைக்குப் போனார். கூட்டம் முடிந்து ஒவ்வொரு மாநிலத் தலைவரும் தமக்கு வேண்டிய சகோதரர்களைத் தெரிந்தெடுத்து அழைத்துச் சென்றபோது, முன்பின் அறியாத இந்தப் போர்த்துக்கீசியரை ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் ரொமாஞ்ஞா மாநிலத் தலைவர் கிராசியானோ அவரைக் கூட்டிக்கொண்டு போய், போர்லி நகருக்கு அருகே மொந்தேபாவோலோ என்ற மலைத் தவக்குடிலில் தங்கவைத்தார். அங்கே அவர் ஏறத்தாழ ஓர் ஆண்டு இருந்தார்.

1222இல் போர்லியில் குருப்பட்டம் பெறவிருந்தவர்களுக்காக ஒரு கூட்டம் நடந்தது. விருந்தினராக வந்திருந்த தொமினிக்கன் சபைத் துறவிகளை உரையாற்றும்படி கேட்டபோது, ஆயத்தமின்றிப் பேச இயலாது என்று அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். மேலாளர் அந்தோனியாரைப் பார்த்து, தூய ஆவி தருவதைப் பேசும் என்று கட்டளையிட்டார். மறைநூலை விளக்குவதைவிடச் சமையற்கட்டுப் பாத்திரம் கழுவுவதற்கே இவர் பொருத்தமானவர் என்று உடனிருந்த சகோதரர்கள் அதுவரை எண்ணியிருந்தார்கள் என முதல் வரலாறு வெளிப்படையாகவே சொல்கிறது. எளிய சொற்களில் தொடங்கிய உரை போகப் போக ஆழமானது, கேட்டவர்கள் திகைத்தார்கள். அதன்பின் அவருக்கு ஓய்வில்லை. வடக்கு இத்தாலியில் போதிக்கும் பணி உடனே அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

இந்தப் பணி ஏன் அவ்வளவு அவசரமாக இருந்தது என்பதற்குக் காலச்சூழலைப் பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய நூற்றாண்டுகளின் துறவிகள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, நிலவுடைமை கொண்ட மடங்களுக்குள் இருந்து செபித்தவர்கள். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் வடக்கு இத்தாலியின் நகரங்கள் வணிகத்தாலும் நெசவாலும் வட்டித்தொழிலாலும் பெருத்தன. அங்கே குவிந்த மக்களுக்குப் புரியும்படி போதிக்கக் கூடிய குருக்கள் போதுமான அளவில் இல்லை. அந்த வெற்றிடத்தில் கத்தார் இயக்கத்தினர் வேரூன்றினார்கள். பொருளுலகே தீயது என்று கற்பித்த அவர்கள், தங்கள் எளிய வாழ்க்கையால் மக்களைக் கவர்ந்தார்கள். 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், தகுதியுள்ள மறையுரையாளர்களை நியமிக்கும்படி ஆயர்களுக்கும், ஆண்டுக்கொரு முறையேனும் குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு ஒப்புரவு செய்யும்படி மக்களுக்கும் கட்டளையிட்டது. இரந்துண்டு வாழும் தொமினிக்கன், பிரான்சிஸ்கன் துறவியர் இந்தத் தேவைக்கு விடையாக வந்தவர்கள். கத்தார் இயக்கத்தினரின் ஏழ்மைக்கு எதிரே நிற்க, செல்வம் படைத்த மடத்தலைவரைவிட வெறுங்கால் துறவியே ஏற்றவர். ஆனால் பிரான்சிஸ்கன் சகோதரர்களில் முறையாக இறையியல் படித்தவர்கள் அப்போது மிகச் சிலர். அந்தோனியார் அந்தச் சிலரில் ஒருவர்.

பிரான்சிஸுக்குப் புத்தகப் படிப்பின் மீது அச்சம் உண்டு. அது செருக்கைத் தரும், சொந்தமாக நூல் வைத்துக்கொள்ளும் ஆசை ஏழ்மையைக் கெடுக்கும் என்று கருதியவர் அவர். அப்படிப்பட்டவர் எழுதியதாக வழிவழியாக ஏற்கப்படும் சிறு கடிதம் ஒன்றில், அந்தோனியாரை ‘என் ஆயர்’ என்று அழைத்து, செப உணர்வை அணைத்துவிடாதபடி சகோதரர்களுக்கு இறையியல் கற்பிக்க இசைவு தருகிறார். சில வரிகளே உள்ள அந்தக் கடிதம் பிரான்சிஸ்கன் சபையின் போக்கில் ஒரு திருப்பம். பின்னாளில் பாரிஸ், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகங்களில் புகழ்பெற்ற பிரான்சிஸ்கன் அறிஞர் வரிசைக்கு முன்னோடியாக நிற்பவர், இன்று தொலைந்த சாவியைத் தேடித்தரும்படி நாம் வேண்டிக்கொள்ளும் அதே அந்தோனியார்.

ரிமினி நகரைப் பற்றிய கதைகளில் முதல் வரலாற்றுக்கும் பிற்காலத் தொகுப்புகளுக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. புனிதர் பட்டத்தையொட்டி 1232இல் பெயர் தெரியாத சகோதரர் ஒருவர் எழுதிய ‘அசிதுவா’ என்னும் முதல் வரலாறு, ரிமினியில் முப்பது ஆண்டுகள் தவறான கொள்கையில் இருந்த பொனோனில்லோ என்பவரை அந்தோனியார் தம் போதனையால் மனம் மாற்றினார் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. அதில் மீன்களும் இல்லை, கழுதையும் இல்லை. மக்கள் கேட்க மறுத்ததால் ஆற்று முகத்துவாரத்தில் நின்று அவர் மீன்களுக்குப் போதித்தார், மீன்கள் தலை தூக்கி வரிசையாக நின்று கேட்டன என்ற கதையும், மூன்று நாள் பட்டினி போடப்பட்ட கழுதை தீவனத்தை விட்டுவிட்டு, கிறிஸ்துவின் உடலாகப் போற்றப்படும் நற்கருணை அப்பத்தின் முன் மண்டியிட்டது என்ற கதையும் பிற்காலத் தொகுப்புகளில் வருகின்றன. வாதத்தால் வென்றார் என்ற செய்தி, காலம் செல்லச் செல்ல, அற்புதத்தால் வென்றார் என்று மாறியது. இதைப் பொய் என்று தள்ளுவது எளிது. ஆனால் வாதத்தின் நுட்பம் அதைக் கேட்டவர்களோடு மறைந்துவிடும். மண்டியிடும் கழுதையைச் சுவரில் ஓவியமாகத் தீட்டலாம், எழுத்தறியாதவரும் பார்த்துப் புரிந்துகொள்வார். கதை மாறியதற்கு அந்தத் தேவை போதுமான காரணம் என்றே எனக்குப் படுகிறது.

1224ஐ ஒட்டி அவர் தெற்கு பிரான்சுக்குப் போய் மொம்பெலியே, துலூஸ் நகரங்களிலும் லிமோஜ் வட்டாரத்திலும் பணியாற்றினார். 1227இல் வடக்கு இத்தாலியின் மாநிலத் தலைவராகத் திரும்பினார். 1230இல் அப்பொறுப்பிலிருந்து விலகியபின், எஞ்சிய வாழ்நாளைப் பதுவையில் கழிக்க வந்தார்.

1231ஆம் ஆண்டின் தவக்காலம்தான் பதுவையையும் அந்தோனியாரையும் பிரிக்க முடியாதபடி பிணைத்தது. நாற்பது நாளும் தினந்தோறும் மறையுரை ஆற்றுவது என்று அவர் முடிவு செய்தார். முதலில் கோவில்களில் தொடங்கிய உரைகளுக்கு, கூட்டம் கொள்ளாமல், திறந்த வெளிக்குப் போக வேண்டியதாயிற்று. சுற்றுப்புற ஊர்களிலிருந்து மக்கள் இரவிலேயே விளக்குகளோடு நடந்து வந்து இடம் பிடித்தார்கள். வணிகர்கள் உரை முடியும்வரை கடைகளை அடைத்து வைத்தார்கள். முப்பதாயிரம் பேர் வந்தார்கள் என்கிறது முதல் வரலாறு. மத்திய கால எழுத்தாளர்களின் எண்ணிக்கையை அப்படியே நம்பத் தேவையில்லை என்றாலும், நகரமே திரண்டது என்பதில் ஐயமில்லை. அவருடைய அங்கியில் ஒரு துண்டை வெட்டியெடுக்கப் பெண்கள் கத்தரிக்கோல் கொண்டுவந்தார்கள் என்றும், அதனால் வலிமையான இளைஞர்கள் சூழ நின்று அவரைக் காக்க வேண்டியிருந்தது என்றும் அதே நூல் குறிக்கிறது. மனிதர் உயிரோடு இருக்கும்போதே அவருடைய துணி, புனிதரின் நினைவாகப் போற்றிக் காக்கும் திருப்பண்டமாகிவிட்டது. பகைவர்கள் சமாதானமானார்கள், வட்டிக்காரர்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஒப்புரவு கேட்கக் குருக்கள் போதவில்லை என்று பட்டியல் நீள்கிறது.

இதில் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய சான்று ஒன்று உண்டு. பதுவை வட்டிக்குப் பேர்போன ஊர். பின்னாளில் இத்தாலியக் கவிஞர் தாந்தே தம் நரக வருணனையில் வட்டிக்காரர்களுக்கு நடுவே பதுவையின் ஸ்க்ரோவெஞ்ஞி குடும்பத்தவர் ஒருவரைக் குலச்சின்னத்தோடு உட்கார வைத்ததும் இதனால்தான். கடனைத் திருப்ப முடியாதவர் சிறையில் கிடக்க வேண்டும் என்பது அக்கால நடைமுறை. 1231 மார்ச் மாதத்தில், தவக்கால உரைகள் நடந்துகொண்டிருந்தபோதே, நகர ஆட்சி ஒரு சட்டம் இயற்றியது. தன் உடைமைகளை விட்டுக்கொடுத்துவிட்ட கடனாளியை, கடனுக்காக மட்டும் சிறையில் வைக்கக் கூடாது என்பது அதன் சாரம். சகோதரர் அந்தோனியாரின் வேண்டுகோளின்படி இது செய்யப்பட்டது என்று அச்சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அவரைச் சொல்லும் கதைகள் எத்தனையோ இருக்க, அவர் வாழ்ந்தபோதே நகர ஆவணத்தில் பதிந்த செயல் இது. கஞ்சனின் இதயம் அவனுடைய பணப்பெட்டிக்குள் கிடந்தது என்ற பிற்காலக் கதைக்கும், அதைப் பேராலயப் பீடத்துக்காக 15ஆம் நூற்றாண்டின் நடுவில் வெண்கலத்தில் வடித்த தொனாத்தெல்லோவின் புடைப்புச் சிற்பத்துக்கும் பின்னால் நிற்பது இந்தக் கடன் விவகாரத்தின் நினைவே.

அவருடைய எல்லா முறையீடும் பலித்ததில்லை. வெரோனாவில் கொடுங்கோலர் எச்செலினோ தா ரொமானோவின் ஆட்களிடம் சிறைப்பட்டிருந்த ரிச்சார்தோ பிரபுவை விடுவிக்கக் கேட்டு அவர் நடந்து போனார், வெறுங்கையோடு திரும்பினார். பதுவையின் வரலாற்றாசிரியர் ரொலாந்தினோ இத்தோல்வியை மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார்.

அப்போதே அவருக்கு உடல் வீங்கி நீர் கோத்திருந்தது. ஓய்வுக்காகக் கம்போசம்பியேரோ என்னும் ஊரில், அக்ரூட் மரமொன்றின் கிளைகளுக்கு நடுவே கட்டித்தந்த சிறு குடிலில் தங்கியிருந்தார். 1231 ஜூன் 13, வெள்ளிக்கிழமை, சாப்பாட்டுப் பந்தியில் மயங்கிச் சாய்ந்தார். பதுவையிலேயே இறக்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டபடி மாட்டு வண்டியில் ஏற்றிச் சென்றார்கள். நகரை எட்டுமுன் நிலை மோசமாகவே, வழியிலிருந்த ஆர்செல்லா என்னுமிடத்தில், கிளாரா சபைக் கன்னியர் மடத்தை ஒட்டிய சகோதரர்களின் இல்லத்தில் இறக்கினார்கள். அங்கேயே உயிர் பிரிந்தது.

அடுத்த ஐந்து நாட்கள் நடந்தவை அரை நகைச்சுவை, அரை கலவரம். சாவை மறைக்கச் சகோதரர்கள் முயன்றார்கள். ஆனால் சிறுவர் கூட்டம் தெருத்தெருவாக, புனிதத் தந்தை இறந்துவிட்டார் என்று கத்திக்கொண்டு ஓடியது. உடல் தங்களுக்கே வேண்டும் என்று கன்னியர் கேட்டார்கள். ஆற்றுக்கு வடபுறத்துக் குடியிருப்பினர் ஆயுதங்களோடு மடத்தைக் காவல் காத்தார்கள். நகருக்குள் இருந்த புனித மரியா மடத்துச் சகோதரர்கள், அங்கே அடக்கம் செய்யும்படி அவரே கேட்டுக்கொண்டார் என்றார்கள். வெயில் காலம், உடலைத் தற்காலிகமாகப் புதைக்க வேண்டி வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்ற வதந்தி கிளம்பவே, தோண்டிக் காட்ட வேண்டியும் வந்தது. படகுகளை வைத்துக் கட்டிய தற்காலிகப் பாலத்தை எதிர்த்தரப்பினர் உடைத்துப் போட்டார்கள். இறுதியில் ஆயரின் தீர்ப்பின்படி செவ்வாய்க்கிழமையன்று ஊர்வலமாக உடல் புனித மரியா கோவிலுக்குச் சென்றது. செவ்வாய் அந்தோனியாருக்குரிய நாளானது இவ்வாறுதான். ஒன்பது செவ்வாய், பதின்மூன்று செவ்வாய் என்று நேர்ந்துகொள்ளும் பழக்கத்துக்கு வேர், ஓர் உடலுக்காக ஒரு நகரம் போட்ட சண்டையின் முடிவு நாளில் இருக்கிறது.

அடக்கம் முடிந்த அன்றே கல்லறையில் குணமடைந்ததாகச் செய்திகள் வரத் தொடங்கின. ஊர்வலங்கள் தெருவுக்குத் தெரு கிளம்பின. ஒரு மாதத்துக்குள் நகரம் திருத்தந்தைக்குத் தூது அனுப்பியது. விசாரணைக் குழு சாட்சிகளைக் கேட்டு 53 அற்புதங்களைப் பட்டியலிட்டது. ஏறத்தாழ எல்லாமே அவர் இறந்தபின் நடந்தவை. பெரும்பாலும் முடக்குவாதம், கண்பார்வை, செவி, கூன் போன்ற உடற்குறைகள் நீங்கிய செய்திகள். இவ்வளவு அவசரம் ஆகாது என்று கர்தினால் ஒருவர் எதிர்த்தார், பிறகு ஒரு கனவு கண்டு மனம் மாறினார் என்கிறது முதல் வரலாறு. 1232 மே 30, பெந்தகோஸ்து நாளன்று, ஸ்பொலேத்தோ தலைமைக் கோவிலில் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். இறந்து 352 நாட்களே ஆகியிருந்தன. திருச்சபை வரலாற்றிலேயே மிக விரைவில் பட்டம் பெற்றவர் இவரே என்று அடிக்கடி எழுதப்படுகிறது, அது சரியல்ல. தொமினிக்கன் சபையின் வெரோனா நகர் பேதுரு 1252இல் கொல்லப்பட்டு 337 நாட்களில் பட்டம் பெற்றார்.

வேகத்துக்கு மக்களின் பக்தி மட்டும் காரணமன்று. அந்தோனியாரின் பேச்சைத் தாமே கேட்டு, மறைநூலின் பேழை என்று வியந்தவர் கிரகோரி. புதிய துறவற சபைகளைத் தம் திட்டத்தின் கருவியாகக் கண்ட திருத்தந்தைக்கு, போதித்துப் புகழ்பெற்ற ஒரு துறவியைப் பீடத்தில் ஏற்றுவது பொருத்தமான செய்தி. பதுவைக்கோ தனக்கென்று ஒரு பெரிய புனிதர் தேவைப்பட்டார். 1237இல் அதே எச்செலினோ பதுவையைக் கைப்பற்றி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆட்டிப்படைத்தார். 1256 ஜூன் மாதம் நகரம் அவர் பிடியிலிருந்து விடுபட்டபோது, அது அந்தோனியார் விழாவின் எட்டாம் நாளை ஒட்டி அமைந்தது. உயிரோடு இருந்தபோது எச்செலினோவிடம் தோற்றுத் திரும்பியவர் இறந்தபின் வென்றுவிட்டார் என்று மக்கள் கண்டார்கள். அதன்பின் பேராலயத்தின் கட்டுமானம் நகரத்தின் சொந்தக் காரியமானது.

1263இல் உடலைப் புதிய கோவிலுக்கு மாற்றியபோது, சபைத் தலைவராக இருந்த பொனவெந்தூர் முன்னிலையில் பேழை திறக்கப்பட்டது. சதை மண்ணாகியிருக்க, நாக்கு மட்டும் அழியாமல் இருந்ததைக் கண்டார்கள். இறைவனை ஓயாது போற்றி, பிறரையும் போற்றச் செய்த நாவு என்று பொனவெந்தூர் அதை வாழ்த்தினார். அந்த நாவு இன்றும் பேராலயத்தின் திருப்பண்டச் சிற்றாலயத்தில், பொன்முலாம் பூசிய அழகிய பேழையில் வைக்கப்பட்டுள்ளது. திருப்பண்ட இடமாற்றத்தின் நினைவாகப் பிப்ரவரி 15இல் ‘நாவின் விழா’ நடக்கிறது. 1981இல் கல்லறையை மீண்டும் திறந்து மருத்துவ வல்லுநர்கள் எலும்புகளை ஆராய்ந்தார்கள். உயரம் சுமார் 1.70 மீட்டர் என்றும், இறக்கும்போது வயது நாற்பதை ஒட்டியிருக்கலாம் என்றும் கணித்தார்கள். அது சரியானால் பிறந்த ஆண்டு 1195 என்ற மரபைச் சற்று முன்தள்ள வேண்டியிருக்கும். 1991 அக்டோபரில் ஆயுதம் தாங்கியவர்கள் புகுந்து தாடையெலும்பு இருந்த பேழையைத் தூக்கிச் சென்றார்கள். இரண்டே மாதத்தில் அது ரோமுக்கு அருகே மீட்கப்பட்டது. களவு போனதை மீட்டுத்தருபவரின் எலும்பே களவு போய் மீண்டதைப் பதுவையார் வேடிக்கையாகச் சொல்லாமலா இருந்திருப்பார்கள்.

தொலைந்த பொருட்களின் பாதுகாவலர் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? வழக்கமாகச் சொல்லும் கதை, புதுத்துறவி ஒருவர் அந்தோனியாரின் குறிப்புகள் எழுதிய திருப்பாடல் நூலைத் திருடிக்கொண்டு ஓட, அவர் செபிக்க, அச்சமூட்டும் உருவொன்று வழிமறித்துத் திருப்பிக் கொடுக்க வைத்தது என்பது. அச்சுக்கு முந்தைய காலத்தில் குறிப்பெழுதிய நூலொன்று காணாமற்போவது ஒரு போதகரின் வாழ்நாள் உழைப்பே காணாமற்போவதற்குச் சமம். கதையில் உண்மையின் சாயல் உண்டு. ஆனால் இக்கதை பரவுவதற்கு முன்பே வேறொன்று நிகழ்ந்துவிட்டது. புனிதர் பட்டத்துக்குச் சில ஆண்டுகளுக்குள் ஸ்பெயர் நகர் யூலியான் என்ற சகோதரர் திருவிழா வழிபாட்டுக்காக ஒரு பதிலுரைப் பாடல் இயற்றினார். அற்புதங்களைத் தேடுகிறாயா என்று தொடங்கும் அப்பாடல், சாவும் பிழையும் தொழுநோயும் விலகும், கடல் அடங்கும், கைவிலங்குகள் தெறிக்கும், இழந்த உறுப்புகளையும் இழந்த பொருட்களையும் இளைஞரும் முதியவரும் கேட்டுப் பெறுவர் என்று அடுக்குகிறது. சகோதரர்கள் போன இடமெல்லாம் அப்பாடலும் போயிற்று. பாடலின் நீண்ட பட்டியலிலிருந்து ஒரே ஓர் அடியை மக்கள் தங்களுக்கென்று பிடித்துக்கொண்டார்கள். தொழுநோய் எல்லாருக்கும் வருவதில்லை. பொருளைத் தொலைக்காதவர் யார்?

குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய உருவமும் இப்படித்தான் பின்னால் வந்தது. பழைய ஓவியங்களில் அவர் கையில் இருப்பது நூல்; பிறகு தீச்சுடர், பிறகு லீலி மலர். அறையில் தனித்திருந்தபோது குழந்தை இயேசு அவர் கைகளில் தோன்றினார் என்ற கதை பிற்காலத்தில் பரவி, 15ஆம் நூற்றாண்டுக்குப் பின் நூலின் மேல் குழந்தை அமர்ந்தது. இன்று குழந்தையை எடுத்துவிட்டால் அந்தோனியாரை யாரும் அடையாளம் காணமாட்டார்கள். நூலையோ பலர் கவனிப்பதேயில்லை. ஞாயிறு, திருவிழா மறையுரைகளுக்கான அவருடைய பெரிய தொகுப்பு மற்ற போதகர்களுக்காக எழுதப்பட்ட கடினமான நூல். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1946 ஜனவரி 16இல் அவரைத் திருச்சபையின் சிறந்த போதகருக்குரிய ‘மறைவல்லுநர்’ பட்டத்துக்கு உரியவராக அறிவித்ததற்கு அடிப்படை அதுவே. மராக்கேஷில் அந்த ஐவரும் கொல்லப்பட்ட நினைவு நாளையே அதற்குத் தெரிந்தெடுத்திருந்தார்கள்.

உலகமெங்கும் அந்தோனியாரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவை பிரான்சிஸ்கன் சபையும் போர்த்துக்கீசியக் கப்பல்களும். போர்த்துக்கீசியர் அவரைத் தங்கள் ஆளாகவே பாவித்தார்கள். 1668இல் போர்த்துக்கல்லின் லாகோஸ் நகரப் படைப்பிரிவில் அவரைச் சிப்பாயாகப் பெயர் பதிவு செய்து, பின்னர் பதவி உயர்வும் கொடுத்தார்கள். லிஸ்பனில் ஜூன் 13 நகர விடுமுறை. முந்தின இரவு தெருவெங்கும் மத்தி மீன் சுடும் புகை. அவர் அங்கே கல்யாணம் கூட்டிவைப்பவர். மாப்பிள்ளை அமையத் தாமதமானால் பெண்கள் அவருடைய சொரூபத்தைத் தலைகீழாக நிறுத்திவைப்பதும், கிணற்றில் இறக்குவதும் போர்த்துக்கல், பிரேசில் நாட்டு வழக்கம். பிரேசிலிலேயே 1654இல் இயேசு சபைக் குரு அந்தோனியோ வியேரா, மீன்களுக்குப் போதித்த கதையை எடுத்துக்கொண்டு, பெரிய மீன் சிறிய மீனை விழுங்குவதைக் காட்டி, பழங்குடிகளை அடிமையாக்கிய குடியேறிகளைச் சாடினார். ஆப்பிரிக்காவின் கொங்கோவில் 1704இல் கிம்பா வீத்தா என்ற இளம்பெண், அந்தோனியார் தன் உடலில் குடியேறிவிட்டார் என்று அறிவித்து, உள்நாட்டுப் போரால் சிதைந்த அரசை ஒன்றுசேர்க்க இயக்கம் நடத்தினாள். 1706இல் அவளை எரித்துக் கொன்றார்கள். ரிமினியில் தவறான கொள்கைக்கு எதிராகப் பேசியவரின் பெயரால் எழுந்த இயக்கமே தவறான கொள்கை என்று தண்டிக்கப்பட்டது.

ஏழைகளுக்கான ‘அந்தோனியார் அப்பம்’ என்ற காணிக்கை, பிரான்சின் துலோன் நகரில் 1890களில் கடைக்காரப் பெண்ணொருவர் திறக்காத பூட்டுக்காக நேர்ந்துகொண்டதிலிருந்து பரவியதாகச் சொல்வர். அதற்கு வெகுகாலம் முன்பே, பிழைத்த குழந்தையின் எடைக்கு எடை கோதுமை கொடுக்கும் வழக்கம் பதுவையில் இருந்தது. தென் தமிழகத் திருத்தலங்களில் நேர்ச்சையாக ஊருக்கே சோறு போடும் ‘அசனம்’ எந்த வழியில் வந்ததானாலும், இவ்வழக்கங்களோடு இயல்பாக ஒட்டிக்கொண்டது. உவரியிலும் மணியாச்சி அருகே உள்ள புளியம்பட்டியிலும் செவ்வாய்க்கிழமைகளில் திரளும் கூட்டத்தில் இந்துக்கள் பெருந்தொகையினர். மனநோயாளிகளையும் பேய் பிடித்தவர் என்று கருதப்படுவோரையும் அழைத்துவந்து குடும்பத்தோடு நாட்கணக்கில் தங்குவது புளியம்பட்டியின் வழக்கம். போர்லியின் மறையுரையாளரை இங்கே தேடினால் கிடைக்கமாட்டார். கல்லறைக்கு முடவரைச் சுமந்து வந்த 1231ஆம் ஆண்டுப் பதுவையார் வந்தால், நடப்பதெல்லாம் அவர்களுக்குப் புரியும்.

இலங்கையில் 16ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பிரான்சிஸ்கன் துறவியர் பணியாற்றியதால் அந்தோனியார் வணக்கத்துக்கு அங்கும் நீண்ட வேர் உண்டு. கொழும்பு கொச்சிக்கடைத் திருத்தலத்துக்குத் தமிழரும் சிங்களவரும், பௌத்தரும் இந்துக்களும் முஸ்லிம்களும் போவது பழைய வழக்கம். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறன்று தற்கொலைத் தாக்குதலுக்கு உள்ளான ஆலயங்களில் அதுவும் ஒன்று. அந்த ஆண்டு ஜூன் மாதத் திருவிழாவையொட்டி அது மீண்டும் திறக்கப்பட்டது. பாக்கு நீரிணையில், குடிநீரும் குடியிருப்பும் இல்லாத கச்சத்தீவிலும் இரு கரை மீனவருக்கும் பொதுவானவராக அவர் இருக்கிறார். தீவு இலங்கைக்கு உரியது என்று ஏற்ற 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம், இந்திய மீனவரும் திருப்பயணிகளும் வழக்கம்போல் வந்து போகலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ தேவையில்லை என்று தனியே ஒரு பிரிவு எழுதியது. உள்நாட்டுப் போரால் தடைபட்ட ஆண்டுத் திருவிழா பின்னர் தொடர்ந்தது. பழைய சிற்றாலயத்தின் அருகே கட்டப்பட்ட புதிய ஆலயம் 2016 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஜூன் 13இல் அல்லாமல் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், தவக்காலத்தை ஒட்டி அங்கே கொடியேறுகிறது. ராமேசுவரத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் படகுகள் வருகின்றன. சிலுவைப்பாதையும் தேர்ப்பவனியும் முதல் நாள், திருப்பலி மறுநாள் காலை. வலையும் எல்லையும் குறித்த பேச்சுகள் இடையில் நடக்கின்றன.